மீசை வைத்த ஆன்ட்டி

கொல்கத்தா சால்ட் லேக்கில் மகளின் நர்சரியில் பெற்றோர் கூட்டத்துக்குக் காத்திருந்தோம். உள்ளே ஒரு குழந்தை "ஆன்ட்டி" என்று கூப்பிட, கனத்த ஆண் குரல் "கீ ஹோலோ?" என்று வங்காள மொழியில் என்ன ஆச்சென விசாரித்தது. நான் எட்டிப் பார்த்தேன்.

அதே ஊரில் லேக் மார்க்கெட் பக்கம் நான் படித்த நர்சரியிலும் டீச்சர் என்றால் ஆன்ட்டிதான். புதிதாக வந்த மீசைக்காரரையும் அப்படியே கூப்பிட்டோம். அவர் திருத்தவில்லை. தரையில் உட்கார்ந்து எங்கள் ஷூ லேஸைக் கட்டிவிடுவார். சட்டையில் நாப்தலின் வாசனை வரும்.

வீட்டில் சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை.

"சின்னக் குழந்தைகளோட ஆம்பளைக்கு என்ன வேலை?"

"நன்னா பாத்துக்கறார்னுதானே சொல்றா," என்றாள் அம்மா.

"அதான் யோசிக்கறேன்."

மறுநாள் அப்பா பள்ளிக்கு வந்து பேசினார். அடுத்த வாரம் அந்த ஆன்ட்டி இல்லை. ஏனென்று யாரும் சொல்லவில்லை. வேறு யாரையும் நான் லேஸ் கட்ட விடவில்லை.

இப்போது மகளின் பள்ளிக் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்தார். ஆண் ஆசிரியர் வேண்டாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார். பல கைகள் உயர்ந்தன. என் கணவரும் தூக்கப் போனார்.

"அந்த டீச்சர் என்ன பண்ணினார்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணலை. ஆனாலும்..." என்றார். அவர் கை பாதியில் நின்றது.