கலங்களை எண்ணினார்கள், பார்க்கவில்லை

கிளிநொச்சியில், ஒரு தனியார் ஆய்வுகூடத்துக்கு மாதிரிகள் சேகரிக்கும் நிலையத்தில் பில் போடுவது என் வேலை. பரிசோதனை நடப்பது கொழும்பில். டொக்டர் எழுதித்தரும் துண்டு அங்கே போவதில்லை. நாங்கள் கணினியில் அடிக்கும் கோட் இலக்கம்தான் போகும்.

நெஞ்சில் கட்டும் நீருக்கு இரண்டு இலக்கங்கள். ஒன்று, அதிலுள்ள உயிர்க்கலங்களை எண்ணுவதற்கு. மற்றது, அந்தக் கலங்களில் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. முதலாவதுதான் அடிக்கடி வரும். கை தானாக அதற்குப் போகும்.

பூநகரியிலிருந்து தவமலர் அக்கா கணவருடைய றிப்போட்டை எடுக்க வந்தார். அதற்கு முந்தின கிழமை, கொழும்பு பஸ்ஸுக்குப் பெட்டி அனுப்பும் அவசரத்தில் அந்த மாதிரியைப் பதிந்தவள் நான்.

“மிஸ், அவருக்கு அந்த வருத்தம் இல்லைத்தானே?” புற்றுநோய் என்ற பெயரை அவர் வாயில் எடுக்கவில்லை.

விரித்துப் பார்த்தேன். “அப்பிடி ஒண்டும் எழுதேல்ல அக்கா.”

“அப்பாடா! வைரவருக்கு நேந்த வடைமாலையை இந்த வெள்ளியே சாத்திப்போடுவன்.”

அவர் போனபின் துண்டை ஃபைலில் போடும்போதுதான் கவனித்தேன். டொக்டர் கேட்டிருந்தது புற்றுநோய்க் கலங்களை. நான் அடித்திருந்தது முதலாவது இலக்கம். கொழும்பு ஆய்வுகூடத்துக்கு அழைத்தேன்.

“மிச்ச நீர் இருக்குதோ?”

“ஒரு கிழமை கடந்திட்டுது மிஸ். எறிஞ்சாச்சு.”

பஸ் நிலையத்துக்கு ஓடினேன். பூநகரி பஸ்ஸில் அக்கா யன்னலோரம் இருந்தார்.

“அக்கா, இறங்குங்கோ. பிழை என்னில.”

“அப்ப, இருக்கெண்டோ?”

“தெரியாது. அதைக் கொழும்பில அவை பாக்கவே இல்லை.”

“இல்லையெண்டு நீங்கள்தானே சொன்னியள்?”

அவர் மெல்ல இறங்கினார். “திரும்பவும் நெஞ்சில குத்துற அந்த ஊசியோ? போனமுறை மனுசன் பிடிச்ச பிடியில என்ர கை இன்னும் கண்டிப்போய் நீலமாக் கிடக்கு.”

மறுபடி நீர் எடுத்தார்கள். இலக்கத்தை மூன்று தரம் வாசித்துவிட்டு அனுப்பினேன். அடுத்த ஐந்து நாளும் தொலைபேசி அடித்தால் நானே ஓடிப்போய் எடுத்தேன். றிப்போட் வந்தது. புற்றுநோய்க் கலங்கள் இருந்தன.

சிகிச்சை தொடங்கியது. “இந்த ரெண்டு கிழமையால பெரிய வித்தியாசம் வராது” என்றார் டொக்டர். உண்மையாகவா என்று நான் கேட்கவில்லை.

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு: இலக்கத்தை அடித்தபின், டொக்டரின் துண்டையும் அதையும் சேர்த்துச் சத்தமாக வாசியுங்கள். றிப்போட்டில் எழுதாத ஒன்றை வைத்து எவருக்கும் ஆறுதல் சொல்லாதீர்கள்.

தவமலர் அக்கா இப்போதும் கணவருடைய இரத்தப் பரிசோதனைக்கு வருகிறார். நான் இலக்கத்தைச் சத்தமாக வாசித்து முடிக்கும்வரை நின்று கேட்பார், கதிரையில் உட்காரமாட்டார்.