மூன்றாவது கழுவலிலும் சிவப்பு

இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோம் என்று நாலைந்து பேர் கார்டு போட்டிருக்கிறீர்கள். 'உடம்புக்கு ஏதும் முடியவில்லையா?' என்று அக்கறையான விசாரிப்பு வேறு. உடம்புக்கு ஒன்றுமில்லை... மனசுதான் இன்னும் படபடவென்று அடித்துக்கொள்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

சிலமலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் துண்டு நிலத்தில் ஆடியில் தட்டைப்பயறு போட்டிருந்தோம். புரட்டாசி முடிவதற்குள் நெற்றுப் பறித்து, அடித்து, புடைத்து, காயவைத்தாயிற்று. அப்புறம் வழக்கம்போல் செம்மண் கட்டினேன். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன் — செம்மண்ணைக் கரைத்துப் பயறில் புரட்டி, வெயிலில் உலர்த்திப் பானையில் போட்டு வைத்தால் வண்டு அண்டாது. சமைக்கும்போது நன்றாகக் கழுவிவிட்டால் போதும்.

ஆகவே எங்கள் அடுப்படியில் பயறு என்றால் அது சிவப்பாகத்தான் இருக்கும். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. என் கொழுந்தன் முருகேசன் போடிமெட்டில் எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறார். கூலி ஆட்களை ஏற்றி இறக்குகிற வண்டி. மாதம் ஒரு தடவை மலையிலிருந்து இறங்கி எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். என் கையால் வைக்கும் தட்டைப்பயறு கத்தரிக்காய்க் குழம்புக்கு ஈடே கிடையாது என்பது அவர் கட்சி. எனக்கும் அதில் பெருமைதான், மறைப்பானேன்?

வரிசையில் ஓரத்துப் பானைதான் கைக்கு எட்டியது. காலையிலேயே எடுத்து ஊறப்போட்டேன். முதல் தண்ணீர் சிவப்பு. இரண்டாவது தண்ணீர் சிவப்பு. மூன்றாவதும் சிவப்பு! மண் சிவப்பு கூட இல்லை, ரோஸ்மில்க் கலர். விரல் இடுக்கெல்லாம் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? 'இந்த வருஷம் மண் நன்றாகப் பிடித்திருக்கிறது' என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். உப்புப் பார்க்கும் பழக்கமும் எனக்குக் கிடையாது. கை அளவுதான்.

மத்தியானம் ஆயிற்று. ராசிங்காபுரத்திலிருந்து வரும் தன் தங்கையை அழைத்துவர என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாப்புக்குப் போயிருந்தார். முருகேசனுக்குப் பொறுக்கவில்லை.

"மதினி, அண்ணன் வர்றப்ப வரட்டும். எனக்கு வெரசா வைங்க."

வைத்தேன். குழைத்துக் குழைத்துச் சாப்பிட்டார். "இன்னொரு கரண்டி ஊத்துங்க" என்றார். நான் குனிகிறேன்... வாசலில் செருப்புச் சத்தம். நாத்தனார் என் வீட்டுக்காரரோடு உள்ளே வந்து, கனத்த ஒரு துணிப்பையை என்னிடம் நீட்டினாள்.

"போன வாரம் அண்ணன் பூசணிக்காய் கொண்டாந்த பை மதினி. வெறும் பையாக் குடுக்கக் கூடாதுல்ல, அதான் சீனிக்கிழங்கு போட்டுக் கொண்டாந்தேன். ஆமா, இதுல எதுக்கு மண்டையோடு படம் போட்டிருக்கு?"

பையைத் திருப்பினேன். மண்டையோடு. அதற்குக் கீழே, மருந்து கலந்த விதை, விஷம், சமைக்கக் கூடாது என்று கொட்டை எழுத்தில்.

"ஏங்க... இதுல இருந்த வெத எங்க?"

"அந்தப் புது ரகத் தட்டைப்பயறா? பை தேவைப்பட்டுச்சு. அடுப்படி ஓரத்துல ஒரு பானை சும்மா கெடந்துச்சு, அதுல கொட்டி வச்சேன். மழை பேஞ்சா வெதைக்கத்தானே... ஏன்?"

கரண்டி என் கையிலிருந்து விழுந்ததா, நான் எறிந்தேனா, தெரியாது. "துப்புங்க தம்பி!" என்று நான் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

போடி ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும். வாசலில் ஜீப் நிற்கிறது. ஆனால் வீட்டில் இருந்த நாலு பேரில் ஜீப் ஓட்டத் தெரிந்தவர் யார்?

விஷம் சாப்பிட்டவர்!

"ஏறுங்க" என்றார் முருகேசன். கொண்டை ஊசி வளைவில் விசிலடித்துக்கொண்டே ஓட்டுகிற மனிதர், அந்த நேர் ரோட்டில் வண்டியை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அலையவிட்டார். இரண்டு இடத்தில் நிறுத்தி வாந்தி. நான் ரோட்டையே பார்க்கவில்லை. அவர் கண் சொருகுகிறதா என்று முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். மலையில் அவர் பெண்டாட்டி காத்திருப்பாளே... அவளிடம் என்னவென்று சொல்வேன்? 'உன் புருஷனுக்கு நான்தான் ஆக்கிப் போட்டேன்' என்றா?

உள்ளே வயிற்றைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வெளியே பெஞ்சில் நானும் என் வீட்டுக்காரரும்.

"வந்து ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"செக்கச்செவேல்னு இருக்கே... பாத்தாலே மருந்து போட்ட வெதன்னு ஒனக்குத் தெரிஞ்சிரும்னு நெனச்சேன்."

"செவப்பா இருந்ததாலதாங்க சமைச்சேன்!"

கடலை சுற்றி வந்த காகிதத்தைக்கூடப் படிக்காமல் கீழே போடாத மனிதர் அவர். பையையும் ஒரு எழுத்து விடாமல் படித்திருக்கிறார். எனக்கும் படிக்கத் தெரியும். ஆனால் நான் படித்திருக்க வேண்டியது பூசணிக்காயோடு பஸ் ஏறி ராசிங்காபுரம் போய்விட்டதே! இருபது வருஷக் குடித்தனத்தில் 'அவளுக்குத் தெரியும்', 'அவருக்குத் தெரியும்' என்று இப்படி எத்தனை விஷயத்தை வாய் திறக்காமல் விட்டிருக்கிறோம்? உங்கள் வீட்டில் எப்படி?

"சீக்கிரமாக் கொண்டாந்தீங்க, பிழைச்சார்" என்றார் டாக்டர். கொண்டுவந்தது யார் என்று நாங்கள் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக, மிச்சமிருந்த குழம்பைச் சட்டியோடு ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தோம்.

மறுநாள் முருகேசன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். எனக்கு அழுகை தாங்கவில்லை.

"வாயில வச்சதும் ஒரு மாதிரி இருந்திருக்குமே தம்பி... அப்பவே துப்பியிருக்கக் கூடாதா?"

"ஒரு மாதிரியெல்லாம் இல்ல மதினி. எப்பவும் வைக்கிறதவிட நல்லாருந்துச்சு. அதான் இன்னொரு கரண்டி கேட்டேன்."

என் சமையலுக்கு எத்தனையோ பாராட்டு கேட்டிருக்கிறேன்... கை கால் உதறியது இது ஒன்றுக்குத்தான்.