திரையில் எல்லாம் பச்சை

வாழப்பாடியில் ஒரு செல்போன் டவரின் சிக்னல் லிங்க்கைச் சரிசெய்துகொண்டிருந்தபோது எங்கள் கம்பெனி டிரைவர் முருகேசன் மோகனூரிலிருந்து அழைத்தார். "சார், நம்ம தமிழரசி மேடம்... பேட்டரி வெடிச்சுப் போச்சுங்க. ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். வழியிலயே போயிட்டாங்க." நான் சேலம் வந்து சேர்வதற்குள் நிறுவனத்தின் இரங்கல் செய்தி செல்போனுக்கு வந்துவிட்டது. 'கடமைக்காக உயிரை ஈந்தவர்' என்று போட்டிருந்தார்கள். தமிழரசி எதையும் ஈயவில்லை. அவரோடு வேலை செய்த உங்களுக்கு அது தெரியும். தெரியாததுபோல் நாம் இருந்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

டவருக்கு அடியில் இருக்கும் கருவி அறைகளில் ஆள் இருப்பதில்லை. உள்ளே சூடேறினாலும் புகைந்தாலும் சேலம் கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்ல அலாரங்கள்தான் உண்டு. லிங்க்கையும் அலாரங்களையும் அமைத்துக்கொடுப்பது எங்கள் இருவரின் வேலை. திருச்செங்கோட்டில் ஒரு புது டவரில் எல்லாம் முடிந்து நான் பையைக் கட்டிவிட்டேன். தமிழரசி ஊதுபத்தியைக் கொளுத்திப் புகை சென்சாருக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். "பூஜையா?" என்றேன். "கம்ப்யூட்டர்ல டிக் போட்டா ஆச்சுங்களா சார்? அது கத்தோணுமுங்க" என்றார். கண்ட்ரோல் ரூமிலிருந்து "வந்துருச்சுங்க மேடம்" என்று பதில் வந்த பிறகே கையை இறக்கினார்.

இந்தக் கோடையில் ஏசி பழுதான அறைகளிலிருந்து வெப்ப அலாரங்கள் ஓயாமல் வந்தன. ஏசியைப் பார்க்க ஆள் அனுப்பவில்லை. தலைமை அலுவலகத்தில் பார்க்கிற திரையில் சிவப்பு தெரியக் கூடாதென்று, அலாரங்களை மறைத்துவிடச் சொன்னார் மேலாளர். கூட்டத்தில் தமிழரசி மட்டும் எழுந்தார். "ஊட்டு நாய் குலைக்குதுன்னு அதும் வாயைக் கட்டிப்போட்டா, திருடன் வராம போயிருவானுங்களா?" சிலர் சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை. "உங்க வேலை லிங்க்கோட நிக்கட்டும்" என்றார். தமிழரசி தான் போன இடங்களிலெல்லாம் மறைத்த வெப்ப அலாரத்தைத் திறந்துவிட்டு வந்தார். அவருக்குச் சொல்லாமலே சேலத்திலிருந்து மறுபடி மறைத்தார்கள்.

மோகனூருக்கு அவரை அனுப்பியதுகூட லிங்க் அறுந்து அறுந்து வருகிறது என்றுதான். அறைக் கதவைத் திறக்கும் முன், கண்ட்ரோல் ரூமை அழைத்து உள்ளே ஏதாவது அலாரம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். திரையில் எல்லாம் பச்சை; முன்பு அவர் திறந்துவிட்டிருந்த வெப்ப அலாரத்தை மறுபடி மறைத்திருந்தார்கள். பணியில் இருந்தவர் கண்ணில் பட்டதைத்தான் சொன்னார்: "ஒண்ணுமில்லீங்க மேடம்." உள்ளே ஏசி நின்று, பேட்டரிகள் உப்பி, வாயு நிறைந்து கிடந்தது. அவர் உள்ளே போய் நின்றதும் வெடித்தது.

அவருடைய கணவர் ரிக் வண்டியோடு மராட்டியத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டிருந்தார். வந்து சேர்ந்தவரிடம் மேலாளர், மேடம் பாதுகாப்பு முறையைக் கவனிக்கவில்லை என்று ஆரம்பித்தார். முருகேசனிடம் நடந்ததைக் கேட்டிருந்த கணவர் அவரை விட்டு என் பக்கம் திரும்பினார். "கேட்டுட்டுத்தான உள்ள போனா? அப்பறம் ஏனுங்க செத்தா?"

அலாரத்தை மறைக்கச் சொன்னது யார் என்று அங்கேயே, மேலாளரைக் கைகாட்டிச் சொன்னேன். மோகனூர் காவல் நிலையத்திலும் அதையே வாக்குமூலமாகக் கொடுத்திருக்கிறேன். மறுநாளே என்னை வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார்கள். இதை எழுதும் இன்றும் பல டவர்களில் வெப்ப அலாரங்கள் மறைந்தேதான் கிடக்கின்றன. அந்தக் கதவுகளைத் திறக்கப்போகும் நண்பர்களே, கதவைத் தொடும் முன்பே மறைந்துகிடக்கும் வெப்ப அலாரத்தைத் திறக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மனம் ஆறட்டும் என்கிறார்கள். தமிழரசியிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவருடைய கோபம் ஒன்றுதான். அதை ஆறவிடுவதாக இல்லை.