எங்கள் ஆட்களுக்கு மட்டும் சொல்வது

ரொறன்ரோவுக்கு வடக்கே, நெடுஞ்சாலையோரம் இருக்கிற பெரிய கடையொன்றின் மீன்பிடிப் பகுதியில் வேலை செய்கிறேன். கூடாரம், படகு, குளிர் உடுப்பு, தூண்டில் எல்லாம் விற்கிற கடை. வாசலில் பாடம் செய்த கரடி ஒன்று நிற்கும். எங்கள் ஆட்கள் குடும்பத்தோடு வந்தால் முதலில் கரடியோடு படம் எடுப்பார்கள். பிறகுதான் என்னிடம் வருவார்கள்.

வந்ததும் ஊர் விசாரிப்பார்கள். நான் எந்தப் பக்கம், மனைவி எந்தப் பக்கம், இங்கே வந்து எவ்வளவு காலம். அதெல்லாம் முடிந்தபிறகு தூண்டில் தடி ஒன்றைக் கையில் எடுத்து, குரலைத் தாழ்த்தி, "அண்ணை, இது வாங்கலாமோ?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல எனக்கு வராது. ஆனால் முகாமையாளர் பக்கத்தில்தான் நிற்பார். அதனால் ஒரு வழி பழகிவைத்திருந்தேன். கை தடியைத் தடவிக்கொடுக்கும், முகம் சிரிக்கும், வாய் மட்டும் தமிழில், இதை வாங்காதீர்கள், அடுத்த கிழமை மலிவு விற்பனை வருகிறது என்று சொல்லும். நான் சாமானைப் புகழ்கிறேன் என்று முகாமையாளர் நம்பினார். தமிழ் வாடிக்கையாளர்களை நன்றாகக் கவனிக்கிறேன் என்று ஒருமுறை பாராட்டவும் செய்தார்.

அந்தக் காலத்தில் மேற்கே ரெக்ஸ்டேல் பக்கமாக எங்களைப் போலவே இன்னொரு பெரிய கடை இருந்தது. வேறு நிறுவனம். அவர்கள் விலையைக் குறைத்தால் நாங்களும் குறைக்கவேண்டும். எங்கள் ஆட்கள் இதில் விண்ணர்கள். தூண்டிலில் கட்டுகிற தங்கூசி நூல் ஒரு சுருள் வாங்குவதென்றாலும், போனில் மற்றக் கடையின் விலையை எடுத்து என் மூக்குக்கு நேரே பிடிப்பார்கள். நான் முகத்தைச் சுளித்துக்கொண்டே குறைத்துக் கொடுப்பேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோசம்தான்.

பிறகு இரண்டு நிறுவனமும் ஒன்றாகின. ஒருநாள் காலை கடை திறக்குமுன் எங்களைக் கூட்டி, கோப்பியும் டோனட்டும் தந்து, இனி நாமெல்லோரும் ஒரே குடும்பம் என்று முகாமையாளர் அறிவித்தார். யார் யாரை வாங்கியது என்று நான் கேட்டேன். இது இணைவு, வாங்குதல் விற்றல் என்ற பேச்சுக்கே இடமில்லை என்றார். அவருக்கும் தெரியவில்லை என்பது என் அனுமானம். கலியாண வீட்டில் மாப்பிள்ளை பகுதியா பொம்பிளை பகுதியா என்று தெரியாமல் பந்தியில் போய் இருக்கிற மாதிரி இருந்தது எனக்கு. வீட்டில் மனைவி, இரண்டு கடை ஒன்றானால் சாமான் மலியுமே, நல்லதுதானே என்றாள். எனக்கும் அப்போது அப்படித்தான் பட்டது.

மலியவில்லை. எங்கள் ஆட்கள் வழக்கம்போலப் போனை நீட்டினார்கள். இரண்டு இடத்திலும் சதம் பிசகாமல் ஒரே விலை. மற்றக் கடையும் இப்போது எங்கள் கடைதான் என்று விளக்கினேன். "அப்ப மற்றக் கடை எங்கை அண்ணை?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி.

இரண்டு கடையிலும், சாமான் வாங்க வாங்கப் புள்ளி சேருகிற அட்டை வைத்திருந்தவர்களுக்குப் புது அட்டை வந்தது. பழைய புள்ளிகள் புதிய புள்ளிகளாக மாறும்போது ஏன் சுருங்கின என்று கேட்டு ஸ்ரௌவ்வில்லில் இருந்து ஒரு அன்ரி வந்தார். கணவருக்குப் பிறந்தநாள் பரிசாக, உறைந்த ஏரியில் மீன்பிடிக்கப் பனிக்கட்டியில் துளைபோடும் கருவி ஒன்று வாங்குவதற்காகச் சேர்த்த புள்ளிகள். எனக்கே விளங்காததை மூன்று விதமாக விளங்கப்படுத்தினேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, ஒன்றும் வாங்காமல் போனார். முன்பு ஒரு பருவம் முழுக்கப் பாவித்த தடி முறிந்தாலும் கேள்வி கேட்காமல் மாற்றிக் கொடுப்போம். அதுவும் நின்றது. நம்பிச் சொல்லக்கூடியதாக இருந்த, நூல் சுற்றுகிற றீல் ஒன்று, விலையும் குறைவு, பிறகு வரவே இல்லை. அதன் இடத்தில் கடையின் சொந்தப் பெயர் ஒட்டிய பளபளப்பான சாமான்கள் வந்து குந்தின.

இவ்வளவுக்கும் நடுவில்தான் அந்தக் கதை பரவியது. இரண்டு கடையிலும் ஆட்களைக் குறைக்கப்போகிறார்கள், தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பார்ப்பார். மீன்பிடிப் பகுதியில் நாங்கள் இரண்டு பேர். நானும் ஒரு வெள்ளைக்காரக் கிழவரும். அவர் முழுநேரம், எனக்கு மணித்தியாலம் குறைவு. இருவரில் ஒருவர் போகவேண்டிவரும் என்று பேசிக்கொண்டார்கள். இதற்கு முன் நான் வேலை செய்த இரண்டு தொழிற்சாலையும் மூடப்பட்டவை. அறுபதை நெருங்குகிறவனை இனி யார் எடுப்பார்கள்? அதைவிட, இந்த நாட்டில் விருப்பத்தோடு நான் செய்த முதல் வேலை இதுதான். போய்விடுமோ என்று பயந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கடை வெறிச்சோடிக் கிடந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல ஜக்கெற், நல்ல சப்பாத்து. ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். முகத்தைப் பார்த்து, தமிழோ என்றேன். ஓம் என்றார். தகப்பன் மன்னார், தாய் தீவுப்பக்கம். போதாதா? கடைப் பெயர் ஒட்டிய தடியைக் காட்டி, இது எப்படி என்று அவர் கேட்டதும், என் கை தானாகவே தடவத் தொடங்கியது.

"இதை மட்டும் வாங்காதையுங்கோ தம்பி. நாலு தரம் எறிஞ்சா வளையம் கழண்டுபோடும். ஸ்காபரோவில ஒரு சின்ன இரைக்கடை இருக்கு, அங்கை போங்கோ."

தம்பி ஆர்வமாகக் கேட்டார். எந்தச் சாமான் அதிகம் திரும்பி வருகிறது, பழைய ஆட்கள் ஏன் வருவதில்லை, இணைந்தபிறகு என்ன குறை. பிள்ளைக்கு மீன்பிடியில் இவ்வளவு அக்கறையா என்று எனக்குப் பெருமை. ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னேன். இரைக்கடைக்குப் போகும் வழியைக்கூடச் சொன்னேன்.

அடுத்த நாள் காலைக் கூட்டத்தில் முகாமையாளருக்குப் பக்கத்தில், நிறுவனத்தின் சின்னம் பொறித்த சட்டையோடு அவர் நின்றார். எல்லோரோடும் கைகுலுக்கியதுபோல என்னோடும் குலுக்கினார். ஆங்கிலத்தில் நலம் கேட்டார். தலைமை அலுவலகத்திலிருந்து வருவார் என்ற ஆள் இவர்தான்.

மனைவியிடம் சொன்னபோது முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுபோனது. "வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமெல்லோ. தமிழ் எண்டா எல்லாரும் உங்கட மச்சானோ?" என்றாள். அன்றைக்கு மரக்கறிச் சமையல். அதையும் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

சில கிழமை கழித்து முடிவு வந்தது. போனவர் கிழவர். இருந்தவன் நான். கிழவர் தன் கோப்பிக் குவளையைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு, சிம்கோ ஏரியில் இனி தினமும் தூண்டிலோடு நிற்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கடையைக் குறைசொன்ன என்னை ஏன் வைத்திருக்கிறார்கள்? உண்மையைச் சொன்னதற்கா? தமிழன் என்பதற்கா? அல்லது கொக்கியில் மாட்டிய மீனைப்போல விட்டுவைத்து மெதுவாக இழுக்கப்போகிறார்களா? முகாமையாளரிடம் கேட்கப் பயம். கேளாமல் இருக்கவும் முடியவில்லை.

அன்றிலிருந்து கடைக்குள் நான் தமிழ் பேசுவதைக் குறைத்தேன். வாங்கலாமோ என்று கேட்டால், எங்கள் சாமான்கள் எல்லாம் தரமானவை என்று ஆங்கிலத்தில் சொல்வேன். கேட்டவர்கள் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வருகிறவரில் யார் யாரென்று எனக்கு எப்படித் தெரியும்?

பனி கரைந்து, மீன்பிடிப் பருவம் தொடங்குகிற நேரம் அவர் மறுபடியும் வந்தார். இந்த முறை ஜீன்ஸ், பழைய தொப்பி. தடிகளைத் திரும்பியும் பார்க்காமல் நேரே என் மேசைக்கு வந்தார். நான் நிமிர்ந்து நின்று, என்ன உதவி வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். புதிய றீல் வந்திருப்பதையும் அது சிறந்தது என்பதையும் மடமடவென்று சொன்னேன். அவர் நான் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணை, நான் இப்ப அங்கை இல்லை. ரெண்டு ஹெட் ஒஃபிஸையும் ஒண்டாக்கினாப்பிறகு எங்கட பகுதியையும் மூடிப்போட்டினம்."

நான் நம்பவில்லை. இதுவும் ஒரு சோதனையாக இருக்கலாம் என்று மனம் சொன்னது. முகத்தைப் பார்த்தேன். சவரம் செய்து சில நாளாகியிருக்கும். மேசையில் வைத்த கை சும்மா இருக்கமாட்டாமல் கொக்கிப் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. பல மாதமாக என் நெஞ்சில் கிடந்ததைத் தமிழில் கேட்டேவிட்டேன். நான் அப்படியெல்லாம் சொல்லியும் ஏன் என்னை வைத்திருந்தீர்கள்?

அவர் கொஞ்சம் குழம்பினார். நான் என்ன சொன்னேன் என்பதே அவருக்குச் சரியாக நினைவில்லை. ஆள் யாரென்று பார்க்கவே இல்லையாம். முழுநேர இடங்களைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள், குறைத்தாராம். அவ்வளவுதான். எத்தனை இரவு நித்திரையில்லாமல் கிடந்து, எத்தனை பேருக்கு ஆங்கிலத்தில் பொய் சொல்லியிருப்பேன்! கோபம் வரவேண்டும். யாரில் கோபிப்பது என்று தெரியவில்லை.

அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்களோட நிண்ட அந்தக் கிழவன்ர இடத்துக்கு ஆள் எடுத்தவையோ அண்ணை? பார்ட் ரைம் எண்டாலும் பரவாயில்லை."

அந்த இடமே இப்போது இல்லை என்றேன்.

"தெரியும். நான்தான் வேண்டாம் எண்டு எழுதினனான். ஒருவேளை திரும்பத் திறந்திருப்பினமோ எண்டு பாக்க வந்தன்."

அவருக்குப் பின்னால் எங்கள் ஆட்கள் ஒரு குடும்பம் கரடியோடு படம் எடுத்து முடித்து, என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவர் விலகி வழிவிட்டார். கொஞ்சம் பொறுங்கோ தம்பி, முகாமையாளரிடம் கேட்டுப்பார்க்கிறேன் என்றேன். கேட்டுப் பயனில்லை என்று எனக்குத் தெரியும். என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அவர் போகாமல் நின்றார்.