நீல டிரம்மில் வந்த கடல்

கேமரன் மலையில் கடல் மீன் வளர்ப்பவனைப் பைத்தியக்காரன் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? என் தம்பியை நான் அப்படித்தான் சொன்னேன், முகத்துக்கு நேராகவே. வெளியே கம்பளிச் சட்டை இல்லாமல் நிற்க முடியாது. உள்ளே, எங்கள் லயத்து வீட்டு முன்னறையில், கண்ணாடித் தொட்டிக்குள் இரண்டு கோமாளி மீன்கள் வெந்நீர்க் குளியல் போட்டுக்கொண்டிருந்தன.

தம்பி எங்கள் ஊரான கோலா தெர்லாவிலிருந்து கடலோரக் கோத்தா பாருவுக்குக் காய்கறி லோரி ஓட்டினான். ஒருமுறை அங்கிருந்து படகில் ஒரு தீவுக்குப் போய், முகத்தில் கண்ணாடி மாட்டி முங்கி, பவளப் பாறையைப் பார்த்துவிட்டு வந்தான். அன்று பிடித்தது இந்தக் கிறுக்கு. விரல் நீளம்தான் மீன். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை. பாறையில் ஒட்டியிருக்கும் கடல் சாமந்திதான் அதற்கு வீடு. பார்த்தால் பூ மாதிரி இருக்கும், ஆனால் அதுவும் ஓர் உயிர். அதன் இழைகள் மற்ற மீன்களைக் கொட்டிக் கொன்றுவிடும், இதை மட்டும் ஒன்றும் செய்யாது. எங்கள் தொட்டியிலும் கல்லில் ஒட்டிய சாமந்தி ஒன்றை வைத்திருந்தான்.

"அத்தன பெரிய கடல்ல, அந்தச் சாமந்திய விட்டு அது தூரமா போகவே போகாதுக்கா" என்பான்.

"மீனுக்கு இருக்கிற புத்தி உனக்கு இல்ல லா. நீ கோத்தா பாரு வரைக்கும் ஓடுற" என்பேன்.

ஒவ்வொரு நடையிலும் நீல டிரம்மில் கடல் தண்ணீர் கொண்டுவந்து, பின்பக்கம் இருந்த இன்னொரு டிரம்மில் ஊற்றிவைப்பான். கரண்ட் போனால் அம்மா தன் கம்பளியை எடுத்துத் தொட்டிக்குப் போர்த்துவார். வழியில் வண்டியை நிறுத்தினால் போன் வரும். சாப்பிட்டீங்களா என்று கேட்க மாட்டான். "ஹீட்டர் எரியுதா?" என்பான். எனக்கு எரிச்சலாக வரும்.

ஒரு மழை நாளில், காய்கறியை இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது, பக்கத்து ஊரான கம்போங் ராஜாவுக்கு முன்னால் மண் சரிந்து லோரியைப் பள்ளத்தில் தள்ளியது. தம்பி அங்கேயே போய்விட்டான்.

அம்மா அழவில்லை. படுத்தவர் எழவும் இல்லை. கண்ணைத் திறந்தால் ஒரே கேள்விதான்: "மீனு நல்லா இருக்கா?" அவன் விட்டுப்போனதில் உயிரோடு இருந்தவை அந்தத் தொட்டிக்குள் இருந்தவைதான். என்ன ஆனாலும் அவற்றைச் சாகவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

உடலைத் தூக்கிக்கொண்டு போனதும் வீட்டைக் கழுவிவிடுவது எங்கள் வழக்கம். சாவு வீட்டில் பிடித்துவைத்த தண்ணீர் ஒரு சொட்டுகூட மிஞ்சக் கூடாது. குடம், வாளி எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிக்க வேண்டும். நான் பின்பக்கம் அம்மாவைத் தாங்கிப் பிடித்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். கம்போங் ராஜாவிலிருந்து வந்திருந்த சித்தி துடைப்பத்தோடு இறங்கிவிட்டார். யாரும் சொல்லாமலே வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்பவர் அவர்.

அம்மாவைப் பின்னறையில் படுக்கவைத்துவிட்டு வந்து பார்த்தால் தொட்டி பளிச்சென்று இருந்தது. கண்ணாடியில் துளி பாசி இல்லை. மலைக் குழாய்த் தண்ணீர், அதில் கொஞ்சம் மஞ்சள் வேறு. மீன்கள் ஒருபக்கமாகச் சாய்ந்து வாயைத் திறந்து திறந்து மூடின. கடல் சாமந்தியைக் காணோம்.

"கல்லுல கொழகொழன்னு அழுக்கு ஒட்டியிருந்திச்சும்மா. தேச்சு சாக்கடையில விட்டுட்டேன்" என்றார் சித்தி. "மீன ஒண்ணும் செய்யல. கிண்ணத்துல எடுத்து வச்சிருந்து, நல்ல தண்ணி புடிச்சுத் திருப்பி விட்டேன் லா. பாவம், நாறுன தண்ணியில கெடந்துச்சுங்க."

"பின்னால இருந்த டிரம்மு?"

"அதையும் கொட்டிட்டேனே."

சமையலறைக்கு ஓடிப்போய் உப்பு டப்பாவை எடுத்துவந்து கவிழ்த்தேன். கையாலேயே கலக்கினேன். அது கடலாகாது என்று தெரிந்தும் கலக்கிக்கொண்டே இருந்தேன். சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வருவதற்குள் இரண்டும் மிதந்துவிட்டன.

சித்தியைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் போலிருந்தது. அவரோ மீன்கள் ஏன் செத்தன என்றே புரியாமல் ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தார். அந்த முகத்தைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, அது இன்னும் ஆத்திரமாக இருந்தது. "அம்மாகிட்ட மட்டும் வாயத் திறக்காதீங்க" என்றேன். மீன்களை வாசலில் ரோஜாச் செடிக்கடியில் புதைத்தேன்.

பால் ஊற்றும் சடங்கு முடிந்த அன்று, முதலாளி அனுப்பிய ஆட்கள் தம்பியின் சாமான்களைக் கொண்டுவந்தார்கள். பள்ளத்திலிருந்து லோரியைத் தூக்கியபோது கிடைத்தவையாம். ஒரு செருப்பு, ஒரு சட்டை, நீல டிரம். டிரம் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. மூடி மட்டும் அவன் இறுக்கியபடியே இருந்தது. இறக்கும்போது உள்ளே தண்ணீர் அலம்பியது.

சித்தி மூடியைத் திறந்து, விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

பின்னறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தார். "தம்பியோட தண்ணி வந்துருச்சா?"

"வந்துருச்சும்மா."

"ஊத்தும்மா. மீனுங்க காத்துக்கிட்டு இருக்கும்."

சித்தி எழுந்து வந்து டிரம்மின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். நான் மறுபக்கம் பிடித்தேன். காலித் தொட்டியில் ஊற்றினோம்.

"ஹீட்டர் எரியுதா?" என்று அம்மா கேட்டார்.

சுவிட்சைப் போட்டேன். "எரியுதும்மா" என்றேன்.