ஜன்னலைத் திறந்து செய்த சர்க்யூட் போர்டு

கடலூர் சாலையில் ஒரு பொறியியல் கல்லூரியில் நான் லேப் உதவியாளராக இருந்தேன். எங்கள் துறைத் தலைவர் மின்னணுவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். சால்டரிங் அயர்னை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அவருக்குத் தெரியுமா என்பது எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவர் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

சர்க்யூட் போர்டு செய்ய நான் கற்றுக்கொண்டது சிதம்பரத்தில், என் வீட்டுக் குளியலறையில். செம்பு ஒட்டிய பலகையைத் தேய்த்துக் கழுவி, வெளிச்சம் பட்டால் இறுகிப்போகும் நீல பிலிமை அதன்மேல் இஸ்திரிப் பெட்டியால் ஒட்டுவேன். ஜெராக்ஸ் கடையில் எடுத்த நெகட்டிவை அதன்மேல் வைத்து மொட்டைமாடி வெயிலில் காட்டுவேன். வெயில் பட்ட கோடுகள் இறுகிவிடும், மற்ற இடம் வாஷிங் சோடாத் தண்ணீரில் கரைந்துவிடும். பிறகு பெர்ரிக் குளோரைடில் போட்டால், பிலிம் மூடாத செம்பு அரித்துப்போய்க் கோடுகள் மட்டும் மிஞ்சும். ஒரே கண்டிப்பு, நெகட்டிவ் வைக்கும்வரை பிலிமில் வேறு வெளிச்சம் படவே கூடாது. மஞ்சள் பல்புக்கு மட்டும் அனுமதி.

முதல் ஆறேழு பலகைகள் பாழ். டைல்ஸெல்லாம் பழுப்புக் கறை.

"என்னாடி, யாரையாவது வெட்டிப் போட்டுட்டியா?" என்றார் என் கணவர். "ஆர்டர் போட்டா வூட்டுக்கே வருதுன்றாங்க. இதுக்குப் போயி இம்மாம் பாடா?"

வரும்தான். சோறுகூட ஆர்டர் போட்டால் வருகிறது. அதற்காக அவர் ரசம் கேட்பதை நிறுத்தவில்லை.

கைபழகிய பிறகு, கல்லூரி ஸ்டோர் ரூம் ஜன்னலில் மஞ்சள் தாள் ஒட்டி மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். துறைத் தலைவர் எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்தார். "பாத்ரூம் வேலையெல்லாம் காலேஜுக்குக் கொண்டாராதம்மா."

ஆய்வுக்குழு வருகிறது, செய்முறைப் பயிற்சியைத்தான் முக்கியமாகப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் அதே ஸ்டோர் ரூம் 'நம்ம போர்டு மேக்கிங் சென்டர்' ஆகிவிட்டது. வாசலில் பெயர்ப்பலகை, ரிப்பன், ரோஜாத்தொட்டி. துறைத் தலைவரே காட்சிக்கு வைக்கத் திருப்பாதிரிப்புலியூர்க் கடையிலிருந்து ரெடிமேட் போர்டுகளை வாங்கிவந்து, அவற்றின் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார். அன்றுதான் அவர் கைவேலை செய்து பார்த்தேன்.

குழுவில் மூன்று பேர். சால்வை, பாதாம் பால் எல்லாம் முடிந்தது. செய்முறையைத் தானே செய்து காட்டுவதாகத் துறைத் தலைவர் அறிவித்தார். நான் வரிசையாக எழுதிக் கொடுத்திருந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நான் பிலிம் ஒட்டித் தயாராக வைத்திருந்த பலகையைக் கையில் எடுத்தார்.

"இருட்டா இருக்கே. ஐயாவுங்களுக்குத் தெரிய வேணாமா? ஜன்னலத் தொறங்க."

"சார், ஜன்னல் வேணாம் சார். வெளிச்சம் பட்டா..."

"எனக்குத் தெரியும்மா."

மதிய வெயில் நேராகப் பலகையில் விழுந்தது. அவர் அதைத் தூக்கிப் பிடித்து நாட்டின் முன்னேற்றத்தைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். பேசப் பேச, வெளிர்நீல பிலிம் முழுதும் கருநீலமாக மாறிக்கொண்டே வந்தது. பின்வரிசையில் நின்ற மாணவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் அவமானப்படுவதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

நெகட்டிவ் வைத்து எடுத்து, சோடாத் தண்ணீரில் கழுவினார். எதுவும் கரையவில்லை. பெர்ரிக் குளோரைடில் முக்கினார். எதுவும் அரிக்கவில்லை. கடைசியில் வெளியே வந்தது ஒரு கோடுகூட இல்லாத நீலப் பலகை. இப்போது மாட்டினார் என்று நிமிர்ந்து பார்த்தேன்.

குழுவின் மூத்தவர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "பினிஷிங் பிரமாதம். கலர் ஒரே சீரா வந்திருக்கு."

மற்ற இருவரும் கைதட்டினார்கள். மூன்று பேராசிரியர்கள்! முப்பது வருடம் பாடம் நடத்திய வாய்கள். என் குளியலறை வாளிக்குக்கூட அவர்களைவிட விஷயம் தெரியும்.

அறிக்கையில் செய்முறைப் பயிற்சி மிகச் சிறப்பு என்று எழுதிவிட்டுப் போனார்கள். துறைத் தலைவர் துணை முதல்வரானார். அந்தப் பலகைக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டினார்.

ஒருநாள் கையெழுத்துக்காக அவர் அறைக்குப் போயிருந்தேன். மகளைச் சேர்க்க வந்த ஒரு அப்பா, ஏதோ மெக்கானிக்காம், சுவரைப் பார்த்துக் கேட்டார்: "இதுல லைன் எங்க சார் போவுது? ஒண்ணும் காணோமே?"

"அது உள்ளுக்குள்ள போவுது. மல்டிலேயர்."

எனக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது.

"என்னம்மா?" என்றார் துணை முதல்வர்.

"ஒண்ணும் இல்ல சார்."

அந்த மெக்கானிக் என்னையும் ஒருமுறை பார்த்தார். துணை முதல்வரைப் பார்த்ததுபோலவேதான் பார்த்தார். தப்பில்லை. மகளின் விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவர் எழுந்து போனார்.