ஒரு ஆளே போதும், சார்

1. கார்பன்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே கையைச் சுட்டுக்கொண்டேன். அறுபதுகளின் கடைசி. மேற்குத் தாம்பரத்தில் ஒரு தியேட்டரின் ஆபரேட்டர் கேபின். கார்பன் குச்சி ஆறிவிட்டது என்று நினைத்து விரலால் எடுத்துவிட்டேன். சீனியர் ஆபரேட்டர் அருளப்பன் என் கையைத் தண்ணீர் வாளியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னா அவசரம்? அது எங்க ஓடிடப் போவுது?" என்றார்.

அப்போது எங்கள் புரொஜெக்டரில் பல்பு கிடையாது. இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே எரியும் சுடர்தான் வெளிச்சம். குச்சி தேயத் தேய, கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்து இடைவெளியைச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். அசந்தால் திரை மங்கும், கீழே விசில் பறக்கும். மெஷின் இரண்டு. ஒன்றில் ரீல் முடியப் போகும்போது திரையின் மேல்மூலையில் ஒரு புள்ளி வரும். அடுத்த புள்ளி வந்ததும் மற்ற மெஷினுக்கு மாற்ற வேண்டும். அதனால் ஷோவுக்கு எப்போதும் இரண்டு ஆள். நானும் அருளப்பன் அண்ணனும் பத்து வருஷம் ஒரே புகையைக் குடித்து, ஒரே இருமலை இருமினோம்.

2. ஸெனான்

எழுபதுகளின் கடைசியில் ஸெனான் விளக்கு வந்தது. ஸ்விட்சைப் போட்டால் அதுபாட்டுக்கு எரியும். புகை இல்லை. அண்ணன் புது மெஷினுக்கு மாலை போட்டு, சிலுவை அடையாளம் வரைந்தார். நான் குங்குமம் வைத்தேன். இனிமேல் இருமாமல் சாகலாம் என்று இரண்டு பேரும் சிரித்தோம்.

ஒரு ஞாயிறு மேட்னி. அண்ணன் மகள் ஸ்டெல்லாவைப் பெண் பார்க்க குரோம்பேட்டையிலிருந்து வருகிறார்கள். லீவு கேட்டார், மேனேஜர் தரவில்லை.

"நீங்க போங்கண்ணே, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"தனியாவா? மாட்டிக்கினா பேஜாராயிடும்பா."

"கார்பன்னா முடியாது. இப்ப இன்னா கஷ்டம்? போய்ட்டு வாங்க."

போனார். ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் கேபினுக்கு வருகிற மேனேஜர், அன்றைக்கென்று இடைவேளையில் படியேறி வந்தார்.

"அருளப்பன் எங்கய்யா?"

அண்ணனுக்கு மெமோ வந்துவிடக் கூடாது. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. "வீட்ல ஒரு அவசரம், சார். ஷோவுக்கு ஒரு குறையும் இல்ல. இந்த மெஷினுக்கு ஒரு ஆளே போதும், சார்" என்றேன். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

மேனேஜர் திட்டவில்லை. மெஷினை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அப்படியா" என்று சொல்லி இறங்கிப் போனார்.

மெமோ வரவில்லை. அடுத்த மாதம் அண்ணனை வாசலில் டிக்கெட் கிழிக்கப் போட்டார்கள். "தனியா ஓட்டிக் காட்டினவன் நீ. நீயே இருந்துக்கோ" என்றார் மேனேஜர். நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எனக்கும் குடும்பம் இருந்தது. இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

3. வாசல்

ஸ்டெல்லாவின் சம்பந்தம் முடிவாகியிருந்தது. பெண்ணின் அப்பா தியேட்டர் ஆபரேட்டர் என்று சொல்லித்தான் பேசினார்கள். கல்யாணத்துக்குச் சில வாரம் இருக்கும்போது, மேட்னிக்கு பெல் அடிக்கும் நேரம், அண்ணன் மூச்சு வாங்கக் கேபினுக்கு ஏறி வந்தார்.

"சம்பந்தி வூட்டுக்காரங்க கியூவுல நிக்கிறாங்க. மாப்ளையும் கீறாரு. நான் இன்னும் சொல்லலப்பா."

நான் ஸ்டூலை விட்டு எழுந்தேன். அவர் ஃபிலிமை மாட்டினார். மாதக்கணக்கில் மெஷினைத் தொடாத கை. ஆனாலும் சக்கரத்தின் ஒரு பல்கூடத் தப்பாமல் ஃபிலிம் உட்கார்ந்தது.

"நானும் கூட இருக்கட்டுமாண்ணே?"

"ஒரு ஆள் போதும்னு நீதானப்பா சொன்ன" என்றார்.

குரலில் கோபம் இல்லை. இத்தனை மாதமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே தினமும் என்னோடு டீ குடித்திருக்கிறார்.

கீழே போய் அவர் இடத்தில் நின்றேன். மாப்பிள்ளையின் அப்பா டிக்கெட்டை நீட்டி, "நம்ம சம்பந்திதான் இங்க ஆபரேட்டர்" என்றார்.

"தெரியும், சார். மேலதான் இருக்காரு" என்று சொல்லி, டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

கதவு இடுக்கு வழியாகத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூலையில் புள்ளி வந்தது. ரீல் மாறியதே தெரியவில்லை. முழுப் படத்தையும் அவர் தனியாகத்தான் ஓட்டினார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். புது மெஷின் வந்தால் கற்றுக்கொள்ளுங்கள், பயப்படாதீர்கள். ஆனால் அதற்கு எத்தனை ஆள் வேண்டும் என்று வாயைத் திறப்பதற்கு முன்னால், பக்கத்தில் நின்று வேலை செய்கிறவரை ஒரு தரம் திரும்பிப் பாருங்கள். அன்றைக்கு அண்ணன் என் பக்கத்தில் இல்லை. அதனால்தான் அது எனக்கு அவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிட்டது.